சிமுலேட்டர் பொய் சொல்லவில்லை

அன்புள்ள ஐயா,

மின்னணுவியல் முதலாமாண்டு படிக்கிறேன். சுற்றுகளை வரைந்து ஓட்டிப் பார்க்க ஒரு சிமுலேட்டர் கற்றுக்கொள்ள ஆசை. எதில் தொடங்குவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்டிஸ்பைஸ் இறக்கி, 5 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மூன்றையும் வரிசையாகப் போட்டு ஓட்டினேன். கெபாசிட்டர் மெல்ல மெல்ல ஏறும் வளைவு வரும் என்று பார்த்தால் 5 வோல்ட்டில் ஒரு நேர்கோடுதான் வந்தது. மென்பொருள் சரியில்லை என்று நீக்கிவிட்டேன். வேறு எதில் தொடங்கலாம்? என் பழைய லேப்டாப் தாங்குமா? லேபில் ஒரு மேசைக்கு நிறையப் பேர் நிற்கிறோம். சிமுலேஷன் மட்டும் போதுமா?

கவின்

அன்புள்ள கவின்,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “நேர்கோடுதான் வந்தது, நீக்கிவிட்டேன்” என்று, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கொஞ்ச நாட்களாக மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் சிமுலேட்டர் திரையின் படங்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் காட்டி இது ஏன் இப்படி வந்தது என்று கேட்டால், “சாஃப்ட்வேர்ல அப்படித்தான் சார் வந்துச்சு” என்கிறார்கள். உங்கள் கடிதமும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது.

முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். என்ன வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. வளைவை எதிர்பார்த்தீர்கள், கோடு வந்ததும் துணுக்குற்றீர்கள். திரையில் வந்ததை அப்படியே நோட்டில் ஒட்டிவிட்டுப் போகிறவர்களை விட நீங்கள் எவ்வளவோ மேல். ஆனால் அந்தத் துணுக்குறலோடு ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டாமா? முதலாமாண்டில் கிடைக்கக்கூடிய மிக நல்ல பாடம் ஒன்று கதவைத் தட்டியிருக்கிறது. நீங்கள் வீட்டையே காலி செய்துவிட்டு ஓடியிருக்கிறீர்கள்.

நடந்தது இதுதான். எல்டிஸ்பைஸில் டிரான்சியன்ட், அதாவது நேரத்தோடு மாறுவதைப் பார்க்கும் ஓட்டத்தைக் கேட்டால், அது நேராகப் பூஜ்ஜியம் வினாடியில் தொடங்காது. அதற்கு முன் சுற்றின் நிலைப்புள்ளியைக் கணக்கிடும். கெபாசிட்டரை எல்லாம் அறுந்த கம்பியாகவும் இண்டக்டரை எல்லாம் வெறும் கம்பியாகவும் வைத்துக்கொண்டு, இந்தச் சுற்று இப்படியே காலகாலமாக இணைந்து கிடந்திருந்தால் ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் இருக்கும் என்று பார்க்கும். உங்கள் சுற்றில் விடை 5 வோல்ட். அந்த 5 வோல்ட்டில் இருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கெபாசிட்டர் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, அப்புறம் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? பந்தயம் முடிந்த பிறகு மைதானத்துக்குப் போய், யாரும் ஓடவில்லை என்று நீங்கள் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

படத்தில் பேட்டரி வரைந்தீர்கள். சுவிட்ச் வரைந்தீர்களா? “இந்த நொடியில் இணைத்தேன்” என்று எங்கேயாவது சொன்னீர்களா? உங்கள் மனதில் ஒரு கை வந்து கம்பியை இணைத்தது. அந்தக் கை சுற்றுப்படத்தில் இல்லை. அந்தப் பேட்டரியை 0வில் இருந்து 5க்குத் தாவும் பல்ஸாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் டிரான்சியன்ட் அமைப்பில் சப்ளை பூஜ்ஜியத்தில் தொடங்கட்டும் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் டிக் செய்யுங்கள். வளைவு வந்துவிடும். 10 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட், பெருக்கினால் சரியாக 1 வினாடி. அந்த 1 வினாடியில் 5 வோல்ட்டின் 63 சதவீதம், சுமார் 3.16 வோல்ட். 5 வினாடியில் 4.97.

இதே சுற்றை ஃபால்ஸ்டாட் சிமுலேட்டரில் வரைந்தால் நீங்கள் எதுவும் சொல்லாமலே வளைவு வரும். அது கெபாசிட்டரை வெறுமையாக வைத்துக்கொண்டு தொடங்குகிறது. அப்போது ஃபால்ஸ்டாட் நல்லது, எல்டிஸ்பைஸ் கெட்டது என்று எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. இரண்டும் சரியான விடையைத்தான் தந்தன, ஆனால் வேறு வேறு கேள்விகளுக்கு. எதிர்பாராத விடை வரும்போதெல்லாம் “இது எந்தக் கேள்விக்கான பதில்?” என்று கேட்டுப் பாருங்கள். நான் இத்தனை வருடங்களாகப் பிள்ளைகளிடம் மன்றாடுவது இந்த ஒன்றைத்தான்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். கொஞ்ச நாளில் இரண்டு டிரான்சிஸ்டர் வைத்து, எல்.இ.டி. மாறி மாறி மின்னும் அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர் கட்டச் சொல்வார்கள். பாகங்களைச் செருகியே இணைக்கும் பலகையான பிரெட்போர்டில் மின்னும். ஸ்பைஸில், அதாவது எல்டிஸ்பைஸ் போன்றவற்றின் மூல நிரல் வகையில், ஓட்டினால் செத்துப்போனதுபோல் அப்படியே நிற்கும். காரணம் உங்கள் நேர்கோட்டின் காரணமேதான். நிலைப்புள்ளி கணக்கில் கெபாசிட்டர்கள் இல்லை, அதனால் இரண்டு டிரான்சிஸ்டரும் முழுதாக ஆன் ஆகி உட்கார்ந்துவிடுகின்றன. அங்கிருந்து ஒன்றை ஒன்று தள்ள வழியில்லை. சப்ளையைப் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்க வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி இன்னும் அழகானது. திரையில் இரு பக்கமும் ஒரே டிரான்சிஸ்டர், ஒரே ரெசிஸ்டர், ஒரே கெபாசிட்டர், இம்மி பிசகாமல். யார் முதலில் ஆன் ஆவது? மேசையில் அந்தக் கேள்வியே எழாது. ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் திரையில் ஒரு ரெசிஸ்டரை 47 கிலோ ஓமில் இருந்து 46க்கு மாற்றி, அந்த ஏற்றத்தாழ்வை நாமே கையால் போட வேண்டியிருக்கிறது.

ஸ்பைஸ் இப்படி இருப்பதற்குக் காரணம் அது பிறந்த இடம். 1973இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் எழுதியது. ஐசி, அதாவது முழுச் சுற்றையும் ஒரே சிலிக்கான் சில்லுக்குள் அடக்கும் பாகம், வடிவமைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. சிலிக்கானுக்குள் போய்விட்ட டிரான்சிஸ்டரைக் கழற்றி மாற்ற முடியாது, பிரெட்போர்டில் கட்டிப் பார்த்தாலும் சில்லுக்குள் நடப்பதுபோல் நடக்காது. கணக்குப் போட்டுத்தான் பார்த்தாக வேண்டும். இன்று எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் என்று நீங்கள் கேள்விப்படும் பலவற்றுக்கும் மூலம் அதுதான். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பொறியாளர் கேட்க, அது பதில் சொல்லும்.

எனக்கு லேபில் ஒரு ஆசிரியர் இருந்தார். ஆசிலாஸ்கோப்பை ஆன் செய்யும் முன் நோட்டில் அலைவடிவத்தைப் பென்சிலால் வரையச் சொல்வார். அப்புறம் திரையில் வந்ததை அதே அச்சின் மேல் பேனாவால் வரைய வேண்டும். அழிப்பான் கொண்டுவரக் கூடாது. இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றனவோ அங்கே விரலை வைத்து, “இங்க என்ன ஆச்சு?” என்பார். சரியாக வரைந்தவனிடம் பேச்சே இல்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். கோடுகள் பிரிந்தவன் பக்கத்தில்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். டையோடு ஏன் 0.6 வோல்ட்டைத் தின்கிறது என்பது எனக்கு அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில்தான் புரிந்தது. சைன் அலையின் உச்சியைப் பென்சிலால் முழு உயரத்துக்கு வரைந்திருந்தேன், பேனாக் கோடு கொஞ்சம் கீழே நின்றது. இன்றைக்கு ஒரு சொடுக்கில் திரை நிறைய அலைகள் வந்துவிடுகின்றன. பென்சில் கோடு இல்லாமல் வருவதால் எதிலும் விரல் வைக்க இடமில்லை.

சரி, உங்கள் கேள்விகள். மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்று கண்ணால் பார்க்க ஃபால்ஸ்டாட். உலாவியிலேயே ஓடும், மஞ்சள் புள்ளிகள் கம்பியில் நகரும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைத் தட்டலாம். ஒரு வாரம் அதில் விளையாடிவிட்டு எல்டிஸ்பைஸுக்குத் திரும்புங்கள். சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் கீகேட் மென்பொருளைப் பழகும் எண்ணம் இருந்தால் அதற்குள்ளேயே என்ஜிஸ்பைஸ் இருக்கிறது. மூன்றும் இலவசம். இதற்கு மேல் எது சிறந்தது என்ற விவாதத்தில் ஒரு மாலைப்பொழுதைக்கூடச் செலவிடாதீர்கள். லேப்டாப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், நீங்கள் வரையப்போகும் சுற்றுகளுக்கு எந்தப் பழைய இயந்திரமும் போதும். கிரவுண்ட், அதாவது பூஜ்ஜியம் வோல்ட் என்று வைத்துக்கொள்ளும் புள்ளி, போட மறக்காதீர்கள், அது இல்லாமல் ஸ்பைஸ் நகராது. இன்னொன்று, ஸ்பைஸுக்கு எம் என்றால் பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ மில்லிதான். 1 மெகா ஓம் என்று நினைத்து வெறும் எம் போட்டால் 1 மில்லி ஓம் ஆகிவிடும். மெக் (meg) என்று மூன்று ஆங்கில எழுத்தும் அடிக்க வேண்டும்.

சிமுலேஷன் மட்டும் போதுமா? போதாது. நீங்கள் போட்ட அந்த 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கடையில் வாங்கினால் 80ஆகவும் இருக்கலாம், 120ஆகவும் இருக்கலாம். எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் போடாமல் ஓட்டினால் ஸ்பைஸ் அமைதியாக ஒரு பெரிய மின்னோட்டத்தை எழுதிக் காட்டும், எதுவும் கருகாது. மேசையில் கூட்டம் என்றால் ஒரு பிரெட்போர்டும் மல்டிமீட்டரும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இடம் கிடைக்கவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு நான்கு வருடங்களை ஓட்டிவிடாதீர்கள். அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

எல்டிஸ்பைஸை மறுபடி நிறுவுங்கள். அதே சுற்று, பேட்டரிக்குப் பதில் பல்ஸ். வளைவு வந்ததும் கெபாசிட்டருக்குக் குறுக்கே இன்னொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். ஓட்டுவதற்கு முன் இரண்டு எண்களைப் பென்சிலால் எழுதுங்கள்: எத்தனை வோல்ட்டில் போய் நிற்கும், அதில் 63 சதவீதத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆகும். முதல் எண்ணைச் சரியாக எழுதுகிறவர்களில் நிறையப் பேர் இரண்டாவதில் 1 வினாடி என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் என்ன எழுதினீர்கள், திரையில் என்ன வந்தது, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். பென்சில் எண்ணைத் திருத்தாமல் அனுப்புங்கள்.