புஷ்ஷா, பாலா? டர்போ பேரிங் கேள்வி பதில்

கும்பகோணம்: 2014 ஸ்விஃப்ட் டீசல், 1,40,000 கிலோமீட்டர். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவையே இல்லை, மேலே போனால் சைரன் மாதிரி ஊளை. டர்போவில் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) பிளே, அதாவது ஆட்டம், என்கிறார் மெக்கானிக். ஒரு கடையில் "பால் பேரிங் டர்போ போட்டுருங்க, லேக்கே இருக்காது" என்கிறார்கள் (லேக்: மிதித்தும் டர்போ வேகம் பிடிக்க ஆகும் தாமதம்). போடலாமா சார்?

வேண்டாம். அந்த 1.3 இன்ஜின் தன் 190 நியூட்டன் மீட்டர் டார்க்கை (சுழற்று விசையை) தருவதே 2000 ஆர்பிஎம்மில்தான். அதற்குக் கீழே சோம்பல் அதன் பிறவிக்குணம், பேரிங்கை மாற்றிப் போக்க முடியாது. முன்பு நன்றாக இழுத்து இப்போதுதான் மந்தம் என்றால், டர்போவில் கை வைக்கும் முன், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைப் பாருங்கள். கிளிப் போட்ட இடத்திலோ, ஹோஸ் வளைவின் அடிப்பக்கத்திலோ எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. ஊளைச் சத்தமும் பாதி வண்டிகளில் அங்கிருந்துதான் வரும்.

அதிலும் சரியாக இருந்தால் டர்போவுக்குக் காற்று வரும் பைப்பைக் கழற்றி, உள்ளே வீல் மாட்டியிருக்கும் தண்டை, அதாவது ஷாஃப்ட்டை, பிடித்துப் பாருங்கள். மேலும் கீழும் கொஞ்சம் ஆடும், பயப்பட வேண்டாம். ஆடும்போது வீல் சுவரைத் தொடக்கூடாது, விளிம்பில் உரசிய தடம் இருக்கக்கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி அசையவே கூடாது. அப்படி அசைந்தால் முன்பின் விசையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கம்பெனி ஒரிஜினல் கோர் (ஷாஃப்ட்டும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றுவதுதான் வழி.

திருவாரூர்: புஷ், பால் இரண்டுக்கும் உள்ளே என்னதான் வித்தியாசம்? எல்லாரும் "பால் ஸ்மூத்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நம் பட்டறைகளில் புஷ் டைப் என்று சொல்வதுதான் ஜர்னல் பேரிங். ஷாஃப்ட்டின் இரு முனைக்கும் ஒவ்வொரு வெண்கல புஷ். புஷ்ஷுக்கு உள்ளேயும் எண்ணெய்ப் படலம், வெளியேயும் எண்ணெய்ப் படலம். பெரும்பாலான கார் டர்போக்களில் அந்த புஷ்ஷும் சும்மா இருக்காது, ஷாஃப்ட்டை விட மெதுவாகத் தானும் சுற்றும். சின்ன கார் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்திலும் இரும்பும் வெண்கலமும் தொடுவதில்லை, நடுவில் எண்ணெய் தாங்குகிறது. அதனால்தான் எண்ணெய் இல்லாமல் கையால் பிடித்தால் ஷாஃப்ட் ஆடுகிறது. முன்பின் தள்ளும் விசையைத் தாங்க மட்டும் தனியாக ஒரு த்ரஸ்ட் பேரிங். புஷ் டைப்பில் முதலில் சாவது பெரும்பாலும் இதுதான்.

பால் பேரிங்கில் இரண்டு வரிசைக் குண்டுகள் ஒரே கார்ட்ரிட்ஜாக வரும். நல்ல கம்பெனி என்றால் குண்டுகள் செராமிக். சாய்வாகத் தாங்கும் அமைப்பு என்பதால் முன்பின் விசையையும் அதுவே வாங்கிக்கொள்ளும், தனி த்ரஸ்ட் தேவையில்லை. எண்ணெயைப் பிளந்துகொண்டு சுற்றும் இழுபறி குறைவதால் சீக்கிரம் வேகம் பிடிக்கும். கார்ட்ரிட்ஜைச் சுற்றியும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு, அதிர்வை வாங்குவதற்காக. ஆகவே "பால் டர்போவுக்கு எண்ணெயே வேண்டாம்" என்பது கட்டுக்கதை. அளவு குறைவு, சுத்தம் அதிகம் வேண்டும்.

மன்னார்குடி: போலோ 1.0 டிஎஸ்ஐ. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) செய்யப்போகிறேன். பால் பேரிங்கால் லேக் எவ்வளவு குறையும்?

15 சதவீதம் வரை சீக்கிரம் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வரும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். பெரிய டர்போவில் அது காலுக்கு நன்றாகவே தெரியும், கியர் மாற்றும் இடைவெளியில் இன்னும் தெரியும். உங்கள் வண்டியில் இருப்பதோ உள்ளங்கை அளவு டர்போ. 1750 ஆர்பிஎம்மிலேயே 175 நியூட்டன் மீட்டர் வந்துவிடுகிறது. அதில் 15 சதவீதத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்? கம்பெனி டர்போவோடு ரீமேப் போதும். வேறு பெரிய டர்போவுக்கு மாறுவதாக இருந்தால்தான் இந்தக் கேள்விக்கே பொருள். அப்போது பால் வாங்குங்கள், காசு வீணில்லை.

தஞ்சாவூர்: புராஜெக்ட் வண்டிக்கு பால் பேரிங் டர்போ வாங்கிவிட்டேன். ஆயில் லைனில் ரெஸ்ட்ரிக்டர் (எண்ணெய் வரத்தைக் குறைக்கும் சின்னத் துளை) போடணும் என்கிறார் ஒருவர், போட்டால் பேரிங் போய்விடும் என்கிறார் இன்னொருவர்.

இருவர் சொல்வதும் சரி, வேறு வேறு டர்போவுக்கு.

பால் டர்போவின் வாயில் எண்ணெய் அழுத்தம் இன்ஜின் முழு வேகத்தில் 40 முதல் 45 பிஎஸ்ஐ இருந்தால் போதும். 60ஐத் தாண்டினால் எண்ணெய் பேரிங்கில் வெள்ளமாகி சீல் வழியே வெளியேறும். அதற்குத்தான் சுமார் 1 மில்லிமீட்டர் துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர். ஆனால் பல மாடல்களில் டர்போவுக்குள்ளேயே அது இருக்கும். எண்ணெய் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஊசி நுழையும் அளவுக்குச் சின்னத் துளை தெரிந்தால் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் இன்னொன்று போட்டால் பட்டினி. புஷ் டைப்பில் போட்டாலும் பட்டினிதான், அங்கே எண்ணெய் தாராளமாகப் பாய வேண்டும். யூகிக்காமல் லைனில் ஒரு டி (மூன்று வழி இணைப்பு) போட்டு கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு அளந்து முடிவெடுங்கள்.

1 மில்லிமீட்டர் துளையை அடைக்க ஒரு துணுக்கு போதும். அதனால் லைனில் ஃபில்டர் வையுங்கள், ஜாயின்ட்டுகளில் சிலிகான் பேஸ்ட்டோ டெஃப்லான் டேப்போ தொடவே தொடாதீர்கள். பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். தண்ணீர் லைனையும் கட்டாயம் இணையுங்கள். "ஆயிலே குளிர்ச்சி தரும், தண்ணி எதுக்கு" என்று அடைத்துவிட்டுத் தரும் பட்டறைகள் உண்டு. ஆபத்து இன்ஜினை நிறுத்திய பிறகுதான்: டர்பைன் (இன்ஜின் புகை சுற்றிவிடும் வீல்) பக்கத்துச் சூடு நடுப்பகுதிக்கு ஏறி, தங்கிய எண்ணெயைக் கரியாக்கும். அப்போது தண்ணீர்தான் காப்பாற்றும்.

மயிலாடுதுறை: புது டர்போ போட்டு 3 நாள். ஐடிலில் நின்றால் நீலப்புகை. டர்போ டூப்ளிகேட்டா அண்ணே?

முதல் சந்தேகம் டர்போ மேல் வேண்டாம். டர்போவின் சீல் ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி இரும்பு வளையம். உள்ளே வந்த எண்ணெய் தன் எடையில் கீழே இறங்கிவிட்டால்தான் அது தாங்கும். இறங்க வழியில்லை என்றால் எந்த டர்போவும் ஒழுகும், புஷ்ஷோ பாலோ.

ரிட்டர்ன் பைப்பைக் கழற்றுங்கள். உள்விட்டம் குறைந்தது 12 மில்லிமீட்டர் வேண்டும், செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது, நடுவில் தொட்டில் போலத் தொங்கக்கூடாது, சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டுத் துளையைப் பாதி மறைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வழி. அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, இறங்கும் எண்ணெயை எதிர்த்துத் தள்ளும்.

கடைசியாக ஏர் ஃபில்டர். தை, மாசி அறுவடையில் நம் பக்கம் ரோட்டிலேயே நெல் காயும். மேலே ஓடும் வண்டிக்குள் சுனையும் பதரும் போகும். ஃபில்டரைத் தட்டினால் மஞ்சளாய்க் கொட்டும். அடைத்த ஃபில்டருக்குப் பின்னால் காற்றழுத்தம் விழும், கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் வீல்) பக்கத்து சீல் வழியே எண்ணெயை உறிஞ்சும். அந்த இரண்டு மாதமும் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

பட்டுக்கோட்டை: ஆன்லைனில் பாதி விலைக்கு "பால் பேரிங்" என்று வருகிறதே?

ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். பாலில் ஆட்டம் கைக்குத் தெரிவது மிகக் குறைவு. லொடலொட என்றால் பெரும்பாலும் உள்ளே புஷ், ஸ்டிக்கரில்தான் பால். உண்மையான பாலே வந்தாலும், கெட்டால் கார்ட்ரிட்ஜ் முழுசாக மாற்ற வேண்டும், லேத்தில் ஒன்றும் செய்ய முடியாது. புஷ் டைப்புக்கு ரிப்பேர் கிட் கிடைக்கும். ஆனால் அதிவேக மெஷினில் பேலன்ஸ் செய்யாமல் கிட் மட்டும் மாற்றித் தருபவரிடம் கொடுக்காதீர்கள்.

நாகப்பட்டினம்: கோர் மாற்றியதும் எப்படி ஸ்டார்ட் செய்வது? மெக்கானிக் போட்டவுடனே முறுக்குகிறார்.

அந்த ஒரு முறுக்கில் புது புஷ்ஷில் கோடு விழும். எண்ணெய், ஆயில் ஃபில்டர், ஃபீட் பைப் மூன்றும் புதிது. பழைய பைப்பை டீசலில் கழுவினால் உள்கரி போகாது. பாஞ்சோ போல்ட்டில் (ஃபீட் பைப்பை மாட்டும், நடுவில் துளையுள்ள போல்ட்) சின்ன வலை இருந்தால் அதையும் பாருங்கள். டர்போவின் எண்ணெய்த் துளையில் எண்ணெய் ஊற்றி ஷாஃப்ட்டைக் கையால் பத்து சுற்று சுற்றுங்கள். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, 10 வினாடி 10 வினாடியாக இடைவெளி விட்டு ஆயில் லைட் அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து 3 நிமிடம் ஐடில், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல்.

கும்பகோணம் (அதே ஸ்விஃப்ட்): ஹோஸ்தான் கிழிந்திருந்தது சார், ஊளை நின்றுவிட்டது. நிறுத்தும் முன் எத்தனை நிமிடம் ஐடில் விட வேண்டும்?

பைபாஸில் விரட்டி வந்து டீக்கடையில் சட்டென்று நிறுத்தினால் ஒரு நிமிடம். கடைசி 2 கிலோமீட்டர் மகாமகக் குளத்துப் பக்க நெரிசலில் ஊர்ந்து வந்திருந்தால், டர்போ ஏற்கெனவே ஆறியிருக்கும். சாவியைத் திருப்பிவிட்டு இறங்குங்கள்.