அதிகாலையில் எழுந்து ஜெபிக்க முடியவில்லை, என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக மனசு வரவில்லை. நீங்களும் என்னைப் போல ஷிஃப்ட் வேலையில் இருப்பவர் என்றே நினைக்கிறேன்.

நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட், ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை. ஊர் தென்காசிப் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறாள். நாலரை மணிக்கு எழுந்து, சாக்கை விரித்து முழங்கால் போட்டு, வேதம் வாசித்து முடித்த பிறகுதான் முறம் அவள் மடிக்கு வரும். ஊரில் இருந்தவரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சென்னைக்கு வந்த முதல் எட்டு மாதம் என் பைபிள் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

அந்த நாட்களில்தான் ஒரு பெண்கள் கூடுகைக்குப் போனேன், நைட் முடித்த கையோடு. நாலு மணிக்கு எழும்பாதவர்களுக்குத் தேவனோடு உறவே கிடையாது என்று செய்தி கொடுத்தவர் சொன்னார். அன்றைக்கு அந்த நாலு மணிக்கு நான் ஒரு தாத்தாவுக்கு சக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தேன். சளி வெளியே வந்து அவர் மூச்சு சீரானதும் என் விரலைப் பிடித்துக்கொண்டார். கூடுகையில் அழுதேன். அது மனந்திரும்பின அழுகை இல்லை. என்னைத் தள்ளிவிட்டார்கள் என்ற அழுகை.

அம்மா போனில் தினமும் கேட்பாள், “வேதம் வாசிச்சியாட்டி?” “வாசிச்சேம்மா” என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள், “எந்த அதிகாரம்?” என்றாள். எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “ஏட்டி, ராத்திரி முழிச்சு நிக்கிறவங்களுக்குன்னே ஒரு சங்கீதம் கெடக்கு. 134. மூணே வசனம். சோலிய முடிச்சுட்டு அத எடு.”

அன்று ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து பைபிளில் சங்கீத புத்தகத்தை எடுத்தேன். ரூமில் மற்றவள் தூங்குவாள், லைட் போட முடியாது. இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரரே என்று அது தொடங்குகிறது. பத்து வருஷமாகக் கேட்ட வசனம், அன்றைக்குத்தான் எனக்கு என்று இருந்தது.

120 முதல் 134 வரை பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள், எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் பாடியவை என்பார்கள். 132-ஐத் தவிர எதுவும் ஒன்பது வசனத்தைத் தாண்டாது. ட்யூட்டி முடிந்ததும் ஒரு நாளைக்கு ஒன்று வாசித்தேன். 121-ல் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குகிறதுமில்லை. 130-ல் எப்போது விடியும் என்று காத்திருக்கிற ஜாமக்காரர், அதாவது இராக்காவலர். அது எப்படி இருக்கும் என்று வார்டில் நின்றவளுக்குத் தெரியும். 127-ல் அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார். அதை வாசித்துவிட்டுப் படுத்தால் குற்ற உணர்வு இல்லாமல் தூங்க முடிந்தது.

காலை ஜெபத்தைக் குறைத்துப் பேசுகிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இருட்டோடே எழுந்து இயேசு தனியாகப் போனார் என்று மாற்கு 1:35-ல் இருப்பது எனக்கும் தெரியும். அதே மாற்கு 6:46-ல் ஜனங்களை அனுப்பிவிட்ட பிறகு மலைக்குப் போய் ஜெபித்ததும் இருக்கிறது. லீவு நாளில் நானும் விடியக்காலம்தான் எழுகிறேன். ட்யூட்டி நேரத்தில் பைபிளைத் திறக்கவும் நான் சொல்லவில்லை. அது நோயாளியின் நேரம்.

எனக்குத் தடையாக இருந்தது தூக்கம்கூட இல்லை, அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர். எட்டு மணிக்கு முடியவேண்டியது ஒன்பது ஆகிவிடும், அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, ஹாஸ்டல் வேனும் போயிருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு பஸ்ஸுக்கு நடக்கிற பெண்களைப் பற்றி எந்த நிர்வாகமும் யோசிப்பதில்லை. கேட்டால், “சேவை மனப்பான்மை வேணும்” என்பார்கள்.

நீங்கள் மணியை விட்டுவிட்டு இடத்தைப் பிடியுங்கள். எனக்கு மாடிப்படி, நீங்கள் வேறு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். போனை ரூமிலேயே விட்டுப் போங்கள், அச்சடித்த பைபிளை எடுங்கள். ஒருநாள் தப்பினால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து வாசிக்காதீர்கள், கடன் மாதிரி ஆகிவிடும். விட்ட இடத்திலிருந்து போங்கள். நான் இன்றைக்கு 126-ல் இருக்கிறேன்.