கல்லடிக் கேக் கடைக்குக் கொழும்புப் பெயர்ப் பலகை தேவையா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் 9 வருடமாகக் கேக் கடை நடத்துகிறேன். மாதம் 9 லட்சம் ரூபாய் வரை விற்பனை. கொழும்பில் பல கிளைகள் உள்ள ஒரு கொம்பனியின் பிரான்சைஸ், அதாவது அவர்கள் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுத்துத் தருவதாக ஒருவர் வந்து நிற்கிறார். நுழைவுக் கட்டணம் 35 லட்சம், பெயரைப் பாவிக்க மாத விற்பனையில் 6 வீதம் ரோயல்டி, விளம்பரத்துக்கு 2 வீதம், 5 வருட ஒப்பந்தம். சாமான் எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும். 100 ரூபாய்க்கு விற்பதை 65 ரூபாய்க்குத் தருவார்களாம். கொண்டுவந்தவருக்கு 'பைல் சார்ஜ்' 2 லட்சம். சேரலாமா ஐயா? எங்கள் கடையில் ஐசிங் வேலை முழுக்க மச்சாள்தான். அவர் அடுத்த வருடம் கனடா போகிறார்.

பதில்: வேண்டாம் தங்கச்சி. இந்தக் கணக்குக்கு வேண்டாம், இந்த ஆளுக்கூடாக வேண்டவே வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய செலவுத் துண்டை வைத்தே பார்ப்போம். 9 லட்சத்தில் மா, பட்டர், முட்டை, பெட்டி என்று 5 லட்சம் போகிறது. வாடகை 60,000, சம்பளம் 1,20,000, கரண்ட் பில் 45,000. கையில் நிற்பது 1,75,000. சரி, இப்போது அவர்களின் பலகையை மாட்டுங்கள். அதே 9 லட்சம் விற்றால் 100க்கு 35 வீதம் 3,15,000 வரும். அதில் ரோயல்டியும் விளம்பரமும் 72,000. கேக் போடும் இரண்டு பேரை நிறுத்திச் சம்பளத்தில் 50,000 மிச்சம் பிடித்தாலும் மற்றச் செலவு 1,75,000 இருக்கிறது. மிஞ்சுவது 68,000. நுழைவுக் கட்டணம் 35 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 58,333. கழித்துப் பாருங்கள்: 9,667 ரூபாய். வங்கி வட்டியை நான் இன்னும் தொடவில்லை.

இன்று எடுக்கும் அதே 1,75,000ஐ எடுக்கவே மாதம் 15 லட்சத்துக்கு மேல் விற்க வேண்டும். கல்லடியில் பெயர்ப் பலகையை மாற்றியதும் பிறந்தநாள்கள் கூடிவிடப் போவதில்லை.

ரோயல்டி லாபத்தில் அல்ல, விற்பனையில் எடுக்கப்படுவது. உங்களுக்கு நட்டம் வந்த மாதமும் அவர்களுக்கு 6 வீதம் போகும். இன்னொன்று, கொம்பனி வற் எனும் பெறுமதி சேர் வரிக்குப் பதிந்ததாக இருந்தால் கட்டணத்துக்கும் ரோயல்டிக்கும் மேலே 18 வீதம் போட்டுத்தான் பில் தருவார்கள். 35 லட்சத்துக்கு அது 6,30,000. மாத ரோயல்டி 54,000க்கு 9,720. மேலே மிஞ்சிய 9,667ஐ அந்த ஒரு வரியே தின்றுவிடும். ஆண்டுக்கு ஒரு கோடி சொச்சம் விற்கும் உங்கள் கடை வற் பதிவுக்குள் வராது. ஆகவே கட்டியதைத் திரும்பக் கேட்கவும் முடியாது. "சொன்ன விலை வற் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார்.

சாமான் வரும் வழியையும் யோசியுங்கள். கொழும்பிலிருந்து பொலன்னறுவை வழியாக இரவு முழுக்க லொறியில் வரும். என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு கடைக்காரர் காலை 6 மணிக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். றோல்ஸ் நாற்பதும் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே தூவிய தூள் ஈரமாகி, பெட்டி அடியில் தண்ணீர். லொறியில் ஏற்றியதோடு பொறுப்பு வாங்குபவருடையது என்று அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மார்கழி மழையில் மன்னம்பிட்டியில் வெள்ளம் ஏறிப் பாதை மூடினால் நம் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொம்பனிக்கு அது தெரியாது. மாதம் இவ்வளவு எடுத்தே ஆக வேண்டும் என்ற வரி மட்டும் தெரியும்.

இனி அந்த ஆள். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைச் சட்டை, கையில் பைல், "நாளைக்கு ஏறாவூர்ப் பார்ட்டி கையெழுத்து வைக்கப் போகிறது, உங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்ற பேச்சு. கொம்பனியிடம் ஒரு கொமிஷன், உங்களிடம் பைல் சார்ஜ், கடையைத் திருத்த வரும் மேசனிடமும் ஒன்று. கல்முனைப் பக்கம் ஒரு சகோதரர் இப்படி ஒருவரிடம் பத்து செக்குகளைக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். செக் புத்தகத்தின் அடித்துண்டுகளைப் புரட்டினேன். பத்திலும் தொகை இல்லை, திகதி இல்லை, பெயரும் இல்லை. செக் திரும்பினால் அது கடனோடு நிற்காது, வழக்காகும். வெற்றுச் செக் கொடுக்காதீர்கள். காணி உறுதியைப் பிணையாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பேச வேண்டியது கொம்பனியோடு நேரே பேசுங்கள். அவர்களின் கிளை நடத்தும் இரண்டு பேரை நீங்களே தேடிப் பிடித்து, சாமான் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தரகர் கூட்டிக்கொண்டு போகும் கடைக்குப் போகாதீர்கள். அங்கே தேநீர் ஏற்கெனவே ஊற்றி வைத்திருப்பார்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்பீர்கள். பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இந்த நாட்டில் இல்லை. எத்தனை கிளை மூடியது, ஏன் மூடியது என்று முன்கூட்டிக் காட்டு என எந்த அலுவலகமும் அவர்களைக் கேட்பதில்லை. ஒப்பந்தம் நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் வரும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. தனியார் ஒப்பந்தத்துக்கு அது எட்டாது. வங்கியும் அப்படித்தான். சொந்தப் பெயரில் ஒரு ஓவன் வாங்கக் கடன் கேட்டால் ஆறு மாதம் நடக்க விடுவார்கள். பெரிய கொம்பனியின் கடிதம் கொண்டு போனால் கதிரை போடுவார்கள்.

உங்கள் கடைப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருப்பீர்கள். அது வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டுமே. அந்தப் பெயரை அது உங்களுக்குச் சொந்தமாக்காது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியாகக் கொழும்பில் பதிய வேண்டும். 10 வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். யாரோடும் பேசும் முன் அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.

இப்போது மச்சாள். நீங்கள் கடைசி வரியில் வைத்ததுதான் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகப் பிரான்சைஸ் எடுப்பது நியாயமாகலாம்: கடையின் பெயர் ஒருவருடைய கையில் தங்கியிருந்து, அந்தக் கை போய்விட்டால். அப்போது நீங்கள் வாங்குவது பலகையை அல்ல, ஒரு கையை. ஆனால் உங்கள் கடையில் எது மச்சாளின் கை? ஐசிங் மட்டுந்தானே. பட்டர் கேக்கும் ரிப்பன் கேக்கும் யார் போடுவது, நீங்களா? ஒரு மாதம் பில்களை இரண்டாகப் பிரித்து அடுக்குங்கள்: ஐசிங் கேக் ஒரு கட்டு, மற்றவை ஒரு கட்டு. ஐசிங் பாதிக்கும் குறைவு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளைகளை இப்போதே மச்சாளின் பக்கத்தில் நிறுத்துங்கள், அளவுகளைக் கைக்கணக்கில் விடாமல் கிராமில் எழுதி வாங்குங்கள். பாதிக்கு மேல் என்றால், அந்தப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் தேறவில்லை என்றால், அப்போது கொம்பனியோடு பேசலாம். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, பலகையும் ரோயல்டியும் இல்லாமல் சாமானை மட்டும் மொத்த விலைக்குத் தருவீர்களா என்று. சில இடங்களில் தருவார்கள், தரகர்தான் அதைச் சொல்லமாட்டார். அதில் அவருக்கு ஒன்றுமில்லை.

அந்த 2 லட்சத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதில் யார் பெயர் இருக்கிறது, கொம்பனியுடையதா அவருடையதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். ரசீதே இல்லையென்றால் இன்றே ஒன்று கேளுங்கள், அவர் தொலைபேசியை எடுக்கும் காலத்திலேயே.