முன்பணம் கட்டுவதற்கு முன் மகளின் முடிவுத் தாளை ஒருமுறை பாருங்கள்

அம்மா, வணக்கம்.

மகளின் எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) முடிவுத் தாளையும் அந்தத் தனியார் கல்லூரியின் விளம்பரத் தாளையும் வாட்ஸ்அப்பில் பார்த்தேன். இந்த வாரத்துக்குள் பதிவுக் கட்டணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று கல்லூரி ஆள் வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். தனியார் கல்லூரிகளில் வணிகப் படிப்புக்கு வருடத்தில் பல முறை சேர்க்கை நடக்கும். இந்த முறை விட்டால் அடுத்த சேர்க்கையில் அதே இடம் கிடைக்கும். அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

'அப்ளைட் ஸ்டடீஸ்' எடுக்கலாமா, 'பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது வேறு: வீட்டில் ஒரு நெருக்கடி வந்து பிள்ளை பாதியில் படிப்பை நிறுத்த வேண்டி வந்தால், அன்றைக்கு அவள் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்? வீட்டுக்காரர் ஆலை லாரி ஓட்டுகிறார், நீங்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறீர்கள். யாருக்காவது ஆறு மாதம் உடம்பு முடியாமல் போனாலும் பிள்ளையின் படிப்பு அந்தரத்தில் தொங்கக் கூடாது. மற்றதையெல்லாம் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முடிவுத் தாளுக்கு வருவோம். தமிழ் ஏ மைனஸ், மலாய் பி, வணிகம் சி பிளஸ், நன்னெறி சி பிளஸ், வரலாறு சி. ஆங்கிலம் டி, கணிதம் ஈ, அறிவியல் ஈ. எஸ்.பி.எம்.மில் சி-யும் அதற்கு மேலும் கிரெடிட். டி-யும் ஈ-யும் வெறும் தேர்ச்சி. ஆக ஐந்து கிரெடிட் இருக்கிறது. மலாயில் கிரெடிட்டும் வரலாற்றில் தேர்ச்சியும் இருப்பதால் அரசாங்கப் பல்கலைக்கழகக் கதவும் மூடவில்லை. அழும் அளவுக்கு இதில் ஒன்றுமே இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். கணிதத்தில் ஈ வாங்கிவிட்டோம், இனி வணிகம் படிக்கவே முடியாது என்று யாரோ சொல்லி அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது தவறான தகவல். வணிகத் துறைப் பட்டப்படிப்புக்குக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் கேட்பது தேர்ச்சி. இரண்டிலும் அவள் தேறியிருக்கிறாள். கணக்கியல் வேறு கதை. அதற்குக் கணிதத்தில் கிரெடிட் வேண்டும். அவள் மனம் கணக்கியலில்தான் இருக்கிறது என்றால் கணிதத்தைத் தனியார் வேட்பாளராக மறுபடி எழுதட்டும். இல்லையென்றால் அந்த ஈ-யைப் பற்றிய கவலையை இன்றோடு விடுங்கள்.

ஐந்து கிரெடிட்டோடு அவளுக்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன. விளம்பரத் தாள் காட்டுவது அதில் ஒன்றை மட்டும்தான்: ஓராண்டு அடிப்படைப் படிப்பு, அதாவது ஃபவுண்டேஷன், அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. மொத்தம் நான்கு ஆண்டு. பார்க்கச் சுருக்கமான வழிதான். ஆனால் ஃபவுண்டேஷன் சான்றிதழை மட்டும் காட்டி வேலை தேட முடியாது. அது அடுத்த படிக்கு ஏற மட்டுமே உதவும். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனும் ஃபவுண்டேஷனுக்குக் கிடையாது. அந்த ஒரு வருடச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். கல்லூரி ஆள் 'கடன் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்னாரே, எந்த வருடத்திலிருந்து என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வழி ஆறாம் படிவம். மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை வருடம், எஸ்.டி.பி.எம். தேர்வு. செலவு மிகக் குறைவு, பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம். எஸ்.டி.பி.எம்.மில் குறைந்தது இரண்டு பாடங்களில் சி எடுத்தால் வணிகப் பட்டப்படிப்புக்கான அடிப்படைத் தகுதி வந்துவிடும். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் போட்டி அதிகம், குறைந்தபட்சத் தகுதியோடு அங்கே நிற்க முடியாது. முவெட் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். வாசிக்கும் பழக்கமும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 1984-இல் தொடங்கிய உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் நம் கெடா மாநிலத்திலேயே சிந்தோக்கில் இருக்கிறது. நிர்வாகம், வணிகம் என்றே வளர்ந்த பல்கலைக்கழகம் அது.

மூன்றாவது, டிப்ளோமா. மூன்று கிரெடிட் இருந்தால் போதும். இரண்டு அல்லது இரண்டரை வருடம். பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கும் அரசாங்கக் கல்விக்கூடச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. இணையத்தளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. கெடாவில் கூலிமிலும் ஜித்ராவிலும் பாலிடெக்னிக் இருக்கின்றன. டிப்ளோமாவை 2.00 சி.ஜி.பி.ஏ.வோடு (எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) முடித்தால் பட்டப்படிப்புக்குத் தகுதி உண்டு. டிப்ளோமாவில் சி-யோ அதற்கு மேலோ எடுத்த பாடம், பட்டப்படிப்புப் பாடத்தோடு 80 விழுக்காடு ஒத்துப் போனால் அதைக் கழித்துக்கொள்ளவும் கேட்கலாம். எல்லாப் பாடமும் கழியும் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவது வழி. இரண்டரை வருடத்தில் அவள் கையில் டிப்ளோமா இருக்கும். அதை வைத்து அலுவலக வேலைக்குப் போகலாம், வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கலாம். ஆங்கிலத்தில் டி எடுத்த பிள்ளை நேராகப் பட்டப்படிப்புப் பாடப் புத்தகங்களில் போய் விழுவதைவிட, டிப்ளோமாவில் மெல்லப் பழகி ஏறுவது அவளுக்கும் நல்லது. நான்கு வருடத்தில் முடிவது ஐந்து வருடம் ஆகலாம். ஆகட்டுமே.

சரி, இப்போது உங்கள் கேள்வி. வணிக நிர்வாகப் பட்டம் என்றால் கணக்கு, பொருளியல், சந்தைப்படுத்தல், நிதி, வணிகச் சட்டம், புள்ளியியல், மனிதவளம் என்று எல்லாவற்றிலும் ஓர் அடிப்படை கொடுத்து, கடைசியில் ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போக விடுவார்கள். நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் முடிக்க வேண்டும், டிப்ளோமாவுக்கு 90. பல்கலைக்கழகம் பேசும் இந்தக் கிரெடிட் பாடத்தின் எடையைச் சொல்வது. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. விரிவுரை, பயிற்சி, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி. பதினான்கு வாரப் பருவத்தில் ஐந்து பாடம் எடுத்தால் வாரத்துக்கு 43 மணி நேரம் வருகிறது, ஒரு முழுநேர வேலைக்குச் சமம். பகலில் படித்துவிட்டு இரவில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறேன் என்று மகள் சொன்னாளாமே, இந்தக் கணக்கை அவளிடம் காட்டுங்கள். வேலை பார்த்துக்கொண்டு படிப்பதென்றால் பகுதிநேரமாகப் பதிந்து பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடம்தான் எடுக்க வேண்டும். தூக்கம் கெட்டு, பாடம் விழுந்து, மறுபடி கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைகள் நிறையப் பேர்.

இதில் எம்.பி.யூ. என்ற பொதுப் பாடங்களும் உண்டு. வணிகம் படிக்க வந்த பிள்ளைக்குத் தத்துவமும் நன்னெறியும் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். எந்தத் துறையானாலும் அது கட்டாயம், அது முடியாமல் பட்டம் வராது. மலாயில் கிரெடிட் இல்லாத பிள்ளைகள் தனியார் கல்லூரியில் கூடுதலாக 'பஹாசா கெபாங்சாஆன் ஏ' பாடமும் எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்ளைட் ஸ்டடீஸ் என்ற பெயர் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருவது. அங்கே இரண்டாண்டுத் தொழில்நுட்பப் படிப்பை முடித்து வேலைக்குப் போனவர்கள், படித்ததை வீணாக்காமல் மேலும் இரண்டு வருடத்தில் பட்டம் பெறுவதற்கென்று இந்த வகைப் பட்டங்கள் இருக்கின்றன. ஏற்கனவே கைத்தொழில் தகுதி உள்ளவருக்கு அது பொருத்தமானது. எஸ்.பி.எம். முடித்து நேரே வரும் பிள்ளைக்கு அதே பெயரில் ஒரு பட்டத்தை விற்கும்போது, உள்ளே என்ன பாடம் இருக்கிறது என்று வரிக்கு வரி பார்க்க வேண்டும். நம் நாட்டில் கைத்தொழில் வழியில் வந்தவர்களுக்கு வேறு ஏணி இருக்கிறது: எஸ்.கே.எம். என்ற திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்கு மேல் டி.கே.எம். என்ற திறன் டிப்ளோமா, டி.எல்.கே.எம். என்ற உயர்நிலைத் திறன் டிப்ளோமா, பிறகு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப இளங்கலை. செய்து பழகிக் கற்க ஆசைப்படும் பிள்ளை அந்த ஏணியில் ஏறலாம். வணிகத்துக்குள்ளேயே செய்முறை வேண்டும் என்றால் இரண்டு வருடம் வளாகத்திலும் இரண்டு வருடம் நிறுவனத்திலும் படிக்கும் 2யூ2ஐ முறையில் சில படிப்புகள் உள்ளன.

உங்கள் விளம்பரத் தாளில் அப்ளைட் ஸ்டடீஸ் பெயருக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் வரிசை இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் சாய்கோடுகளுக்கு இடையே தனியாக ஓர் இலக்கம் வரும். ஆறு என்றால் இளங்கலைப் பட்டம், நான்கு என்றால் டிப்ளோமா. உங்கள் தாளில் வாய் நிறையப் 'பட்டம்' என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த இலக்கம் நான்கு. அதே வரிசையில் எம்.கியூ.ஏ.வுக்கு (படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அரசாங்க அமைப்பு) அடுத்து பி.ஏ. (PA) என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்.ஏ. (FA) என்று இருந்தால் முழு அங்கீகாரம். புதிய படிப்பு தற்காலிக அங்கீகாரத்தோடு தொடங்குவது சட்டப்படி சரிதான், அதனாலேயே அதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் முழு அங்கீகாரம் கிடைக்காமல் போனால் சுமை பிள்ளையின் தலையில்தான் விழும். அரசாங்க வேலைக்கும் மேற்படிப்புக்கும் அந்த முழு அங்கீகாரம்தான் கணக்கு.

தாளில் அச்சடித்ததை மட்டும் நம்ப வேண்டாம். எம்.கியூ.ஏ.வின் பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கத் திறந்தே இருக்கிறது. கல்லூரிப் பெயரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு 'இருக்கிறது' என்று திருப்திப்பட்டுவிடுகிறார்கள், அது போதாது. படிப்பின் முழுப் பெயரும், அது நடக்கும் வளாகமும் பொருந்த வேண்டும். அங்கீகாரம் கொடுப்பது ஒரு படிப்புக்கு, ஓர் இடத்தில் நடத்துவதற்கு. கோலாலம்பூர் வளாகத்துக்கு வாங்கியதைக் காட்டி இங்கே கடைவீதி மாடியில் வகுப்பு நடத்த முடியாது.

இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் பற்றிக் கேட்டீர்கள். 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். எடுக்கலாம்தான், ஆனால் அது உங்கள் முதுமைக்கான பணம். தோட்டத்து வீட்டை ஒருநாள் காலி செய்ய வேண்டி வரும்போது கைகொடுக்கப் போவதும் அதுதான். பாலிடெக்னிக் கிடைத்தால் அதைத் தொடவே வேண்டியிருக்காது. பி.டி.பி.டி.என். கடனுக்கு வருடம் ஒரு விழுக்காடு நிர்வாகக் கட்டணம், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியது மகள். அதை முதலிலேயே அவளிடம் பேசிவிடுங்கள். எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு ஒன்றை இப்போதே அவள் பெயரில் திறந்து வையுங்கள், கடன் விண்ணப்பத்தின்போது கேட்பார்கள்.

இன்னொன்று. பட்டம் வாங்க 2.00 சி.ஜி.பி.ஏ. போதும் என்று அந்த ஆள் சொன்னது உண்மைதான். ஆனால் முதுகலைக்கு நேரடியாகச் சேர 2.50 கேட்கிறார்கள். முதல் வருடத்தில் விழுந்த புள்ளியைக் கடைசி வருடத்தில் ஏற்றுவது மிகவும் கடினம். அதனால் முதல் பருவத்திலிருந்தே கவனம் வேண்டும்.

மகளின் அண்ணனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள்: வயது இருபத்து நான்கு, கிடங்கில் வேலை, படிப்பை விட்டுவிட்டான் என்று. விட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஏ.பி.இ.எல். என்ற முறையில் 21 வயது நிறைந்தவர்கள் எஸ்.டி.பி.எம். இல்லாமலே, வேலை அனுபவத்தைக் காட்டி, அதற்கான தேர்வில் தேறி, இளங்கலைப் படிப்பில் சேர முடியும். கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்த்த அனுபவம் வணிக நிர்வாகத்துக்கும் தளவாடத் துறைக்கும் பொருந்தும். வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்கலாம்.

சனிக்கிழமை காலையில் மூன்று பேருமாக வாருங்கள். மகள் அசல் முடிவுத் தாளையும் அடையாள அட்டையையும் எடுத்து வரட்டும், யூ.பி.யூ. விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து செய்துவிடலாம். அண்ணன் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், கிடங்கில் எடுத்த ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அதையும் கொண்டு வரட்டும். அதற்குள் கல்லூரி ஆள் போன் செய்தால், படிப்பின் முழுப் பெயர், எம்.கியூ.ஏ. எண், வகுப்பு நடக்கும் முகவரி, மொத்தக் கட்டணம், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையெல்லாம் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.