புழுக்களும் முன்சீப்பும்

கேள்வி: கதை, கவிதை அல்லாத நூல்களில் உங்களை மிகவும் மகிழ்வித்தவை எவை? நேரம் வீணாகாமல் படிக்கத்தக்க சிலவற்றைச் சொல்ல முடியுமா?

பதில்: மகிழ்வித்தவற்றைச் சொல்கிறேன், ‘நேரம் வீணாகாமல்’ என்னும் நிபந்தனையை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். எனக்குப் பிடித்த நூல்களெல்லாம் நேரத்தைத் தாராளமாகச் செலவழித்தவர்கள் எழுதியவை.

மண்புழுக்கள் ஒரு பொருளை எவ்வளவு ஆழத்தில் புதைக்கின்றன என்று பிற்காலத்தில் பார்ப்பதற்காக, 1842 டிசம்பரில், சார்லஸ் டார்வினின் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகள் பரப்பப்பட்டன. அந்தப் பிற்காலம் 1871 நவம்பரில் வந்தது. 29 ஆண்டுகள் கழித்துப் பள்ளம் தோண்டியபோது, அத்துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. இடைப்பட்ட காலத்தில் உயிரினங்களின் தோற்றம் பற்றி எழுதி உலகத்தின் பாதியைப் பகைத்துக்கொண்ட மனிதர், புழுக்களை மட்டும் மறக்கவில்லை. அவற்றைப் பற்றிய நூல் 1881-ல் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்தார்.

அந்நூலில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது புழுக்களுக்கு நடத்தப்பட்ட கச்சேரியை. தொட்டியில் வளர்ந்த புழுக்களின் அருகே உலோக விசில் ஊதினார்கள், பஸூன் என்னும் பெருங்குழலை முழக்கினார்கள், கத்திப் பார்த்தார்கள், பியானோவை இயன்றவரை உரக்க வாசித்தார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் வளைக்குள் பாய்ந்துவிட்டன. செவி இல்லை, அதிர்வு மட்டும் உறைக்கிறது என்பது டார்வினின் முடிவு. நூலைத் திறந்தும் பாராமல், பரிசு அறிவிப்பின் அதிர்வு எட்டியவுடன் சுறுசுறுப்படையும் சில மதிப்புரையாளர்களை எனக்கும் தெரியும். ஆயினும் புழுக்கள் எவருக்கும் முன்னுரை எழுதித் தருவதில்லை.

கதைதான் இலக்கியம், மற்றவையெல்லாம் வெறும் தகவல் என்று மேடைதோறும் முழங்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாவலாசிரியர் விரும்பினால் மூன்றாம் பக்கத்திலேயே புழுவை நடனமாட வைக்கலாம். உள்ளதை எழுதுகிறவரோ புழு நகரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய அறிவு ஒன்று அற்பமான உயிரின் முன் வெட்கமின்றிக் காத்திருப்பதை அருகிலிருந்து பார்க்கும் இன்பத்தை, நண்பர் புகழும் எந்த நாவலும் எனக்குத் தரவில்லை.

தமிழில் இதற்கு இணையாக நான் வைப்பது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1880 அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்து, தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், புராணங்கள் என்று பெரும் பட்டியலை அவர் ஒப்பிக்கிறார். முதலியார் (மன்னிக்க வேண்டும்) டார்வினின் புழுக்களைப் போலவே அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். அந்த நூல் 1887-ல் ஐயரின் பதிப்பாக வெளிவந்ததை எல்லோரும் அறிவர். ஆனால் ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்குப் பின்னர், தமிழுலகமே தம்மை வணங்கிய நிலையில், அன்று தம் வித்துவச் செருக்கு அடிபட்டதை ஒரு துளியும் பூசி மெழுகாமல் அவர் எழுதினாரே, அதுதான் என்னை மயக்குகிறது. தம் வெற்றிகளை அவர் எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாரோ, அவ்வளவு நிதானமாகவே தம் திகைப்பையும் சொல்கிறார். பிற்காலத்துத் தன்வரலாற்றாசிரியர்கள் பலருக்கு இந்த இரண்டாம் பாதி வாய்க்கவில்லை.

நேரத்தைச் சேமித்தே ஆகவேண்டும் என்றால், இப்போது பெருகிவரும் பத்து நிமிடச் சுருக்கங்களின் பாணியில் இரண்டு நூல்களையும் இங்கேயே முடித்துத் தருகிறேன். முதல் நூல்: மண்புழு மண்ணைக் கிளறுகிறது. இரண்டாவது: ஐயர் சுவடிகளைத் தேடினார், கிடைத்தன. இரண்டு வாக்கியங்களிலும் பிழை எதுவும் இல்லை.