ஊசி நுனியும் நூல் பிசிறும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கியூ.சி. (தரக் கட்டுப்பாடு) மேனேஜராக இருக்கிறேன். செக்கிங் டேபிளில் ஆரம்பித்துப் பதினாறு வருடத்தில் இந்த இடத்துக்கு வந்தேன். என்னை மேலே கொண்டுவந்தது ஒரே குணம்தான். எதையும் அரைகுறையாக விடமாட்டேன்.

நாலு வருடம் முன்பு குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மெஷினில் ஊசி உடைந்தது. வழக்கம்போல உடைந்த துண்டுகளை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எனக்கு என்னவோ உறுத்தியது. துண்டுகளைப் புது ஊசியோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நுனியைக் காணவில்லை. மறுநாள் கன்டெய்னர். "எப்படியும் மெட்டல் டிடெக்டர்ல போகுமில்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்றார்கள். நான் பண்டலைப் பிரிக்க வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கழுத்துப்பட்டி மடிப்புக்குள் அது கிடைத்தது.

வீட்டில் இதே குணம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. மனைவி மடித்த துணியைத் திரும்ப மடிப்பேன். இப்போது அவள் மடிப்பதில்லை. "நீங்களே மடிச்சுக்குங்க" என்று கட்டிலில் குவித்துவிடுகிறாள். போன வருடம் இன்னொரு கம்பெனியில் ஜி.எம். வேலைக்குக் கேட்டிருந்தார்கள். பயோடேட்டாவைத் திருத்தித் திருத்தி மூன்று வாரம் ஓடிவிட்டது. அனுப்பியபோது ஆள் எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மகள் மூன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை யானை வரைந்துகொண்டிருந்தாள். தும்பிக்கை சரியில்லை என்று அழித்துக் கொடுத்தேன். மறுபடி வரைந்தாள், மறுபடி அழித்தேன். மூன்றாம் தடவை தாள் கிழிந்துவிட்டது. அவள் அழவில்லை. இப்போதெல்லாம் என் பைக் சத்தம் கேட்டால் டிராயிங் நோட்டை மூடிவிடுகிறாளாம்.

'செய்வன திருந்தச் செய்' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இது நல்ல குணமா, வியாதியா? மாற முயற்சிக்கிறேன், முடியவில்லை. மாறிவிட்டால் வேலையில் நான் யார் என்ற பயமும் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பதினோரு முறை திருத்தியிருக்கிறேன்.

ஆர்.
திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

அந்த ஊசி நுனியிலேயே என் மனம் வெகுநேரம் நின்றுவிட்டது. எந்த ஊரிலோ ஒரு குழந்தையின் கழுத்தை அது கீறியிருக்கும். அந்த வீட்டாருக்கு உங்களைத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. அப்படிப்பட்ட குணத்தை வியாதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'குறையும் ஓர் அழகுதான்' என்று காலை வணக்கத்தோடு வாட்ஸப்பில் வரும் படங்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊரில் எல்லோருக்கும் திருத்தம் அதிகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், எங்கள் வீட்டுக்குக் குழாய் மாட்டியவரை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பேன்.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் மேஜை டிராயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏ.கியூ.எல்., அதாவது எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் அட்டவணையைத்தான் சொல்கிறேன். பனியன் தொழிலில் இருக்கும் என் உறவினர் ஒருவர் வழியாக எனக்கு அது தெரியவந்தது. மற்ற வாசகர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மூவாயிரம் உடுப்பு தைத்துப் பெட்டியில் போட்டாயிற்று. வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் வருகிறார். மூவாயிரத்தையும் அவர் பார்ப்பதில்லை. அட்டவணைப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக 125 உருப்படி எடுக்கிறார். கண்ணில் படும் குறைகளை மூன்றாகப் பிரிக்கிறார். போடுபவருக்கு ஆபத்தானது கிரிட்டிகல். ஊசித்துண்டு அந்த வகை. நெஞ்சுப்பக்கம் ஓட்டை, கறை என்று வாங்கியவர் திருப்பிக் கொடுக்கக்கூடியது மேஜர். வெட்டாமல் விட்ட நூல் பிசிறு மாதிரியானவை மைனர். வழக்கமாக வைக்கும் கணக்கில் மேஜர் ஏழு வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். மைனர் பத்து வரை போகலாம். கிரிட்டிகல் ஒன்றே ஒன்று இருந்தாலும் மொத்த லாட்டும் ஃபெயில்.

முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை குறை இருக்கலாம் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒரு வியாபாரமா? பிறகு அதன் பூர்வகதையைப் படித்தேன். மாதிரி எடுத்துச் சோதிக்கும் இந்தக் கணக்கை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தளவாடங்களுக்கு இந்த முறை பயன்பட்டது. 1950இல் அமெரிக்க ராணுவத்தின் தர விதியாக அச்சானது. உங்கள் டிராயரில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. தோட்டா வெடிக்குமா என்று பார்க்க வெடித்துத்தானே பார்க்க வேண்டும்? எல்லாத் தோட்டாவையும் சோதித்துவிட்டால் போருக்கு ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் மகள் வரைந்த யானையும் அப்படி மிஞ்சாமல் போன ஒன்றுதான்.

கவனித்துப் பாருங்கள். கம்பெனியில் நீங்கள் எல்லாக் குறையையும் துரத்துவதில்லை. பத்து நூல் பிசிறை உங்கள் கையெழுத்தோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். அதனால்தான் ஊசி நுனிக்காக ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்க உங்களுக்குத் தெம்பு இருந்தது. குறைகளைத் தரம் பிரிக்கத் தெரிந்ததுதான் உங்கள் தொழில் நேர்த்தி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த அட்டவணையையும் கழற்றி வைத்துவிடுகிறீர்கள். அங்கே செருப்பு கோணலும் கிரிட்டிகல், துணி மடிப்பும் கிரிட்டிகல், தும்பிக்கையும் கிரிட்டிகல். கூடவே ஒன்று: பாஸ் ஆன பண்டலை ஒரு செக்கர் தினமும் பிரித்துத் திரும்பச் சரிபார்த்தால் அவரை என்ன செய்வீர்கள்? உங்கள் மனைவி கட்டிலில் துணியைக் குவிப்பதோடு நிறுத்திக்கொண்டது அவருடைய பொறுமை.

நானும் இதில் உத்தமன் இல்லை. 2003இல் அம்பாசமுத்திரத்தில் வீடு கட்டினோம். சித்திரை மாதம், முன்வாசல் கதவு மாட்டும் நாள். ஆசாரி கதவை நிலையில் நிறுத்திப் பார்த்தார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது, ஒரு தாள் நுழையாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ கதவைத் திரும்பக் கழற்றிச் சாய்த்து, இழைப்புளியை எடுத்து விளிம்பை இழைக்கப் போனார். "என்ன பண்றீங்க, கச்சிதமா இருக்கே" என்று தடுத்தேன். "ஒரு நூல் சந்து விடணும் சார். ஐப்பசியில மரம் ஊதும்" என்றார். ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. சந்து வழியாக வெளிச்சம் தெரியுமே என்றேன். "தெரியும்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காசு கொடுப்பவன் நான் அல்லவா, இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்த நாலாம் நாள் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. தோளால் இடித்தும் அசையவில்லை. பத்து நாள் பாத்திரம் கழுவும் இடத்தைத் தாண்டிப் பின்வாசல் வழியாகப் போய்வந்தோம். தீபாவளிக்கு வந்த சம்பந்தி வீட்டாரும் அதே வழிதான். மழை விட்டபின் ஆசாரி வந்து எப்படியோ நெம்பித் திறந்து, நின்ற வாக்கில் இழைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய நேர்த்தியில் அடுத்த ஐப்பசிக்கும் இடம் இருந்தது. என்னுடையது அன்றைய பகல் பதினோரு மணிக்கு மட்டும் பொருந்திய நேர்த்தி.

எட்டு வயசுப் பிள்ளை மரத்தைவிட வேகமாக ஊதும். அதற்கு மேல் இந்த உவமையை இழுக்க மாட்டேன்.

செய்வன திருந்தச் செய் என்று கேட்டிருக்கிறீர்கள். அதே அவ்வை அதே ஆத்திசூடியில் பருவத்தே பயிர்செய் என்றும் சொல்கிறாள். பள்ளிக்கூடச் சுவரில் இரண்டுக்கும் இடம் இருந்திருக்காது போலிருக்கிறது. உங்கள் பயோடேட்டாவில் குறையாக இருந்தது நேர்த்தி அல்ல, பருவம்.

இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்தவர் என்று எனக்கு உடனே தோன்றுபவர் உ.வே.சாமிநாதையர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி என்ற பழைய காப்பியத்தைப் பற்றிக் கேட்டார். அதில் தொடங்கிய வேலை 1887இல் புத்தகமாக வந்தது. ஏழு வருடம். பிறகு இன்னும் பல பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல் வருகிறது. அந்தத் திருத்தங்களெல்லாம் கைக்கு வரட்டும் என்று முதல் பதிப்பையே அவர் நிறுத்தி வைத்திருந்தால்? இடைப்பட்ட இருபது வருடத்தில்தான் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) எல்லாம் வெளிவந்தன. எது இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

அவர் எதையும் லேசாக விட்டவரும் அல்ல. பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு வருகிறது. அதில் பூக்களின் பெயர்களை வரிசையாக அடுக்கும் இடத்தில், கையிலிருந்த ஏடுகளில் சில பெயர்கள் விட்டுப்போயிருந்தன. யாப்புக்குப் பொருந்த ஒரு மல்லிகையையோ முல்லையையோ செருகுவது அவருக்கு அரை நிமிட வேலை. செய்யவில்லை. தருமபுரம் மடத்து ஏட்டுக் கட்டுகளில் தேடி அந்தப் பூக்களை எடுத்து வந்தார். இல்லாத பூ ஒன்றைப் பாட்டில் வைப்பது அவருக்கு ஊசி நுனி. பிற்பாடு தெளியக்கூடிய ஐயங்களோடு புத்தகம் போகலாம், அடுத்த பதிப்பு இருக்கிறது.

குறையே இருக்கக்கூடாது என்ற இந்தப் பிடிவாதத்தைப் பற்றி உளவியலில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன், உங்கள் கடிதத்துக்கு அப்படியே பொருந்துவதால். கனடாவைச் சேர்ந்த பால் ஹியூவிட்டும் கார்டன் ஃபிளெட்டும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையின்மையைக் கேட்பது, பிறரிடம் கேட்பது, பிறர் தன்னிடம் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வது. ஊசியைத் தேடியது முதலாவது. துணி மடிப்பும் யானையும் இரண்டாவது. பயோடேட்டா மூன்றாவது, படிப்பவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். இவற்றில் மூன்றாவதுதான் ஆளை அதிகம் தின்கிறது. தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தந்த பதில்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றுமே கூடியிருந்தன, மிக அதிகமாகக் கூடியது அந்த மூன்றாவது. மதிப்பெண்ணைத் தெருவில் பேனர் கட்டி வைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செருப்பு விஷயத்தை மட்டும் நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு பிடிப்பது வேறு, ஒழுங்கு இல்லாவிட்டால் சோறு இறங்காமல் போவது வேறு. அந்த உறுத்தல் தினமும் வருகிறது, சரிசெய்யாமல் இருக்கவே முடியவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரிடம் பேசிவிடுங்கள். முதுகுவலிக்குப் போவது மாதிரிதான். இதற்கு எழுத்தாளனிடம் மருந்து கிடையாது.

மாறிவிட்டால் வேலையில் நான் யார் என்கிறீர்கள். வேலையில் எதையும் மாற்ற வேண்டாம். அந்த ரெஜிஸ்டரை இனியும் அப்படியே பாருங்கள். டிராயரைத் திறந்து அட்டவணையில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

மகளிடம் என்ன செய்வது? நோட்டைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள், அது இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன். "சூப்பர், பிரமாதம்" என்றும் அளக்காதீர்கள். பொய்ப் பாராட்டைப் பிள்ளைகள் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தரையில் உட்கார்ந்து ஒரு யானை வரையுங்கள். உங்களுக்கு வரைய வராது என்பது என் யூகம், வந்தால் இடது கையால் வரையுங்கள். கேட்டால் ரப்பரை அவள் கையில் கொடுங்கள். எத்தனை தடவை அழித்தாலும் திரும்ப வரையுங்கள். அவள் அழிக்காமல் விட்டுவிட்டாலும் அந்தத் தும்பிக்கையை நீங்கள் தொடக்கூடாது.

அன்புடன்.

பி.கு: பதினோரு முறை திருத்திய உங்கள் கடிதத்தில் 'முயற்சிக்கிறேன்' என்று இருக்கிறது. 'முயல்கிறேன்' என்பதுதான் சரி, இதைச் சுட்டிக்காட்டி எனக்கு எப்படியும் நாலு கடிதம் வரும். மைனர். அப்படியே விட்டிருக்கிறேன்.