தாத்தாவின் பரணில் கிடைத்த ஓவியம் அரசாங்கத்துடையதா?

கேள்வி: அமெரிக்காவில் 1930களில் அரசு சம்பளத்தில் வரையப்பட்ட ஓவியத்தை வீட்டில் கண்டெடுத்தவர் விற்கலாமா?

பெரும்பாலும் முடியாது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரையச் சொன்னது கூட்டாட்சி அரசு. இதில் பெரியது 1935 முதல் 1943 வரை நடந்த கூட்டாட்சிக் கலைத் திட்டம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஜாக்சன் போலக் கூட அதில் சம்பளம் வாங்கியவர்தான். படங்கள் பள்ளி, நூலகம், மருத்துவமனை என்று போயின. ஆனால் போனது கடனாகத்தான். உரிமை அரசிடமே இருந்தது.

கோளாறு திட்டத்தை மூடும்போது வந்தது. ஒழுங்கான பதிவேடு இல்லை. நியூயார்க்கில் ஒரு குவியலை எடைக்குப் போட்டுவிட்டார்கள், பழைய பேப்பர் போல! வாங்கியவர் தண்ணீர்க் குழாய்களுக்குச் சுற்ற கேன்வாஸ் கிடைத்தது என்று நினைத்தாராம். கட்டடங்களைப் புதுப்பித்தபோது குப்பைக்குப் போனவையும் உண்டு, யாரோ பரிதாபப்பட்டு வீட்டுக்கு எடுத்துப்போனவையும் உண்டு.

இப்போது பொதுச் சேவைகள் நிர்வாகம் என்ற அரசு அமைப்பு இவற்றுக்குப் பொறுப்பு. அருங்காட்சியகங்களில் உள்ளவற்றைப் பட்டியலிடுகிறது. இணைய ஏலங்களையும் கவனிக்கிறது. படத்தின் பின்புறம் திட்டத்தின் முத்திரையோ சீட்டோ இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். நல்லெண்ணத்தில் வைத்திருந்தாலும் உரிமை மாறாது என்பதே அவர்கள் நிலைப்பாடு. எடைக்குப் போட்ட அரசே இப்படிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

அப்புறம், தபால் நிலையச் சுவரோவியங்கள் வேறு கதை. அவை கருவூலத் துறையின் தனித் திட்டம். இன்று தபால் துறை வசம் உள்ளன.